இனம்புரியாத முகம்: மனிதனைப் போன்ற திரை உருவங்கள் ஏன் நம்மைக் கலங்கடிக்கின்றன?

நூறடி உயரமுள்ள பல்லி ஒன்று திரையில் ஒரு நகரத்தையே மிதித்து நசுக்குவதை நாற்காலியில் சாய்ந்தபடி பார்க்க முடிகிற ஒருவருக்கு, மனித உயரத்தில், மனிதக் கைகால்களோடு அறையின் மூலையில் வெறுமனே நின்றுகொண்டிருக்கும் ஓர் உருவத்தைக் கண்டால் மட்டும் ஏன் உடல் சில்லிட்டுப்போகிறது என்பதுதான் கேள்வி. பல்லியிடம் சிக்கினால் சாவு நிச்சயம். மூலையில் நிற்பதோ இன்னும் ஒன்றுமே செய்யவில்லை. அப்படியிருந்தும் கண்ணைப் பொத்திக்கொள்ளத் தோன்றுவது இரண்டாவதைக் கண்டுதான்.

காரணம் சொல்ல முடியாத பயத்தைத் தமிழில் ‘இனம்புரியாத பயம்’ என்கிறோம். வழக்கில் அது பயத்தின் இனம் தெரியாததைக் குறிக்கிறது. பயமுறுத்தும் பொருளின் இனம் தெரியாதது என்று அதைச் சற்றே மாற்றிப் படித்தால், இந்தக் கேள்விக்கான விடையின் பாதி அந்தத் தொடருக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதி, இனம் புரிவதற்கு முன்பே நம் மனம் செய்துவிடும் ஒரு காரியத்தில் இருக்கிறது. எதிரில் இருப்பது ஓர் ஆள் என்று அது முடிவுகட்டி, வரவேற்கத் தொடங்கிவிடுகிறது. அந்த வரவேற்பைத் திரும்பப் பெற முடியாத தவிப்பே இந்தக் கலக்கம் என்பது என் கருத்து.

இதை ஆராயப் புகுந்த முன்னோடிகளில் ஒருவர் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் என்ற ஜெர்மானிய உளமருத்துவர். உயிருள்ளதாகத் தோன்றும் ஒன்று மெய்யாகவே உயிருள்ளதுதானா, உயிரற்றதாகத் தோன்றும் ஒன்றுக்குள் ஒருவேளை உயிர் இருக்கிறதா என்ற ஐயமே இவ்வுணர்வின் வேர் என்று 1906இல் வெளியான கட்டுரையில் அவர் எழுதினார். மெழுகு உருவங்களையும் தானியங்கிப் பாவைகளையும் அதற்குச் சான்றாகக் காட்டினார். 1919இல் சிக்மண்ட் ஃப்ராய்டு அந்த விளக்கம் போதாது என்று கூறி, ஒரு காலத்தில் நமக்குப் பழக்கமாக இருந்து பின்னர் மனத்தின் அடியில் அமுக்கப்பட்ட ஒன்று திரும்பி வருவதே காரணம் என்றார். இருவரில் ஃப்ராய்டின் பெயர்தான் நிலைத்தது. ஆனால், திரை உருவங்களைப் பொறுத்தவரை யென்ட்ஷ் சொன்னதே உண்மைக்கு நெருக்கமாக இருப்பதாக நான் எண்ணுகிறேன்.

இன்று பலரும் மேற்கோள் காட்டுவது, தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த மசாஹிரோ மோரி 1970இல் ‘எனர்ஜி’ என்ற ஜப்பானிய இதழில் எழுதிய சிறு கட்டுரையை. இயந்திர மனிதனின் தோற்றம் மனிதத் தோற்றத்தை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் உள்ள ஈர்ப்பு கூடிக்கொண்டே போகும் என்றும், ‘ஏறக்குறைய மனிதன்’ என்ற இடத்தை எட்டியதும் அந்த ஈர்ப்பு சட்டென்று சரிந்து ஒவ்வாமையாக மாறும் என்றும், முழு மனிதத் தோற்றத்தை அடைந்தால்தான் மீண்டும் மேலேறும் என்றும் அவர் கூறினார். அந்தச் சரிவுக்கு அவர் இட்ட பெயர் ‘புகிமி நோ தானி’. அது ஆங்கிலத்தின் வழியாக ‘அன்கேனி வேலி’ என்று உலகெங்கும் பரவியது. நிறமும் ரேகையும் நகமும் அசல் கையைப் போலவே அமைந்த ஒரு செயற்கைக் கையைக் குலுக்கும்போது, எலும்பில்லாததைப் போன்ற தளர்ந்த பிடியும் அதன் குளிர்ச்சியும் நம்மைத் துணுக்குறச் செய்யும் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. அசைவு சேர்ந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்றும் அவர் சொன்னார்: சடலம் பள்ளத்தில் கிடக்கிறது என்றால், எழுந்து நடக்கும் சடலம் அதற்கும் கீழே இருக்கிறது.

மோரியின் கோடு அளந்து வரைந்ததன்று. கூர்ந்த கவனிப்பிலிருந்து அவர் ஊகித்து வரைந்தது. பிற்காலத்தில் அதைச் சோதித்தவர்களில் சிலர் பள்ளத்தைக் கண்டார்கள், சிலர் காணவில்லை. பொம்மை முகத்திலிருந்து மனித முகம்வரை படிப்படியாக மாறும் படங்களை 2007இல் ஜுன்இச்சிரோ செயாமா, ரூத் நகயாமா என்ற இரு ஆய்வாளர்கள் காட்டிப் பார்த்தபோது, மனிதத்தன்மையின் அளவு மட்டும் அவ்வளவாகக் கலக்கத்தை எழுப்பவில்லை என்பது தெரிந்தது. இயல்புக்கு மீறிய கண்களை ஒரு முகத்தில் பொருத்தியபோதுதான் அது வெளிப்பட்டது. முகம் எவ்வளவு மனிதத்தன்மை உடையதோ, அவ்வளவுக்கு அந்தக் கண்கள் உறுத்தின. ஆகவே, ‘பாதி மனிதன்’ என்பதால் மட்டும் ஓர் உருவம் நம்மைக் கலக்குவதில்லை. முகத்தின் ஒரு பகுதி ‘நான் மனிதன்’ என்று உறுதி கூறும்போது இன்னொரு பகுதி அதை மறுக்கிறதே, அந்த முரண்தான் கலக்குகிறது. கேலிச்சித்திர உருவத்துக்குத் தட்டு அளவு கண்கள் இருந்தாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அதன் மூக்கும் வாயும் தோலும் அதே அளவுக்குக் கற்பனையானவை. அந்தக் கண்களையே துளைகளும் மெல்லிய ரோமமும் தெரியும் தோலுக்குள் பதித்தால் கதை வேறு.

இந்த முரண் ஏன் இவ்வளவு வேகமாகத் தாக்குகிறது என்பதற்கு, முகத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதை அறிய வேண்டும். ஒரு நாற்காலியைப் பார்த்து, கால் நான்கு, சாய்மானம் ஒன்று என்று கூட்டி அடையாளம் காணலாம். முகத்தை அப்படிக் காண்பதில்லை. அது மொத்தமாக, ஒரே வீச்சில், நம் விருப்பத்தைக் கேட்காமலே மூளைக்குள் நுழைகிறது. இதைக் காட்டும் மிக எளிய சான்று, 1980இல் பீட்டர் தாம்சன் வெளியிட்ட ஒரு படம். ஒரு முகத்தின் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டிவிட்டு, பிறகு முழுப் படத்தையும் தலைகீழாகத் திருப்பிக் காட்டினால், சற்றே வித்தியாசமான முகம் என்றுதான் தோன்றும். அதே படத்தை நேராக நிமிர்த்திய கணத்தில் அது கோரமாகிவிடுகிறது. படத்தில் எதுவும் மாறவில்லை. முகங்களை வாசிக்கும் நம் திறன், முகம் நேராக இருக்கும்போதுதான் முழுவீச்சில் இயங்குகிறது. அந்தத் திறன் எவ்வளவு கூர்மையானதோ, அவ்வளவு ஆழமாக நாம் காயப்படுகிறோம். பல்லியின் தாடை அரை அங்குலம் இடம் மாறியிருந்தால் யாருக்கும் தெரியாது. மனித வாய் அந்த அளவு அகன்றிருந்தால் குழந்தைகூடக் கண்டுகொள்ளும்.

முகத்திலும் முதலிடம் கண்களுக்கே. பெரும்பாலான குரங்கினங்களின் கண்களில் கருவிழியைச் சுற்றியுள்ள பகுதி கருமை படர்ந்திருக்கும். மனிதக் கண்ணிலோ வெண்மை அகலமாக வெளியே தெரிகிறது. இந்த வேறுபாட்டை 1997இல் ஹிரோமி கொபயாஷி, ஷிரோ கொஷிமா ஆகியோர் விரிவாக அளந்து காட்டினார்கள். வெண்மை தெரிவதால்தான் ஒருவர் எங்கே பார்க்கிறார், எதன்மேல் அவர் கவனம் இருக்கிறது என்பதைத் தொலைவிலிருந்தே நம்மால் படிக்க முடிகிறது. திரை உருவங்களை உருவாக்குபவர்கள் விழி முழுவதையும் கருமையாக்குவதும், கருவிழியை அழித்து முழுக்க வெண்மையாக்குவதும் ஏன் இத்தனை முறை பலிக்கின்றன என்பதற்கு விடை இங்கே உள்ளது. அந்த முகம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது, ஆனால் நம்மைத்தான் பார்க்கிறதா என்று தெரியவில்லை. பார்க்கிறது என்றால் ஓடலாம், பார்க்கவில்லை என்றால் மூச்சை அடக்கி நிற்கலாம். இரண்டில் எதையும் முடிவு செய்ய விடாமல் அது நம்மை அந்த இடத்திலேயே அறைந்து நிறுத்துகிறது.

இமைத்தலையும் இங்கே சொல்ல வேண்டும். ஓய்வாக இருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 20 முறை இமைக்கிறார். யாரும் அதை எண்ணுவதில்லை, ஆனால் அது நின்றுவிட்டால் எல்லோருக்கும் உறைக்கிறது. நளவெண்பாவில் புகழேந்தி இதை எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார் என்று நான் வியந்ததுண்டு. நளனின் உருவத்தையே எடுத்துக்கொண்டு தேவர்கள் அவனோடு வரிசையாக அமர்ந்திருக்க, தமயந்தி உண்மையான நளனைப் பிரித்தறிவது மூன்று அடையாளங்களால்: அவன் கண் இமைக்கிறது, அவன் பாதம் மண்ணில் படிகிறது, அவன் மாலை வாடுகிறது. முகமும் உடலும் அணியும் ஒன்றே. இமைப்பும் எடையும் வாட்டமும்தான் வேறு. அங்கே அது காதலின் தேர்வு; திகில் படத்தில் நாம் செய்வதும் ஏறத்தாழ அதே தேர்வுதான், விடை மட்டும் நம்மை நடுங்க வைக்கிறது.

கணினி வரைகலைக் கலைஞர்கள் இதை மிகுந்த பொருட்செலவில் கற்றுக்கொண்டார்கள். நடிகரின் முகத்தில் ஒட்டிய புள்ளிகளைப் பதிவு செய்து உருவத்துக்கு அசைவு தரும் முறையில் தசைகளின் இயக்கம் கிடைத்தது, ஆனால் கண்ணுக்குள் புள்ளி ஒட்ட முடியாது. 2004இல் வந்த ‘போலார் எக்ஸ்பிரஸ்’ படத்தின் குழந்தைகளுடைய கண்கள் உயிரற்றிருந்தன என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். 2007இல் ‘பியோவுல்ஃப்’ படத்துக்காக, கண் தசைகள் அசையும்போது எழும் மின்சைகைகளைக் கண்ணைச் சுற்றி ஒட்டிய மின்முனைகளால் பதிவு செய்யும் அளவுக்குத் தயாரிப்பாளர்கள் சென்றது இதனால்தான். அன்பாகத் தோன்ற வேண்டிய பாத்திரங்கள் பிணம்போலத் தோன்றியதும், பயமுறுத்த வேண்டிய பாத்திரங்கள் வெற்றிகரமாகப் பயமுறுத்துவதும் ஒரே வாசலின் இரு பக்கங்கள்.

வாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளார்ந்த சிரிப்பில் உதட்டை இழுக்கும் தசையோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்பதை 1862இலேயே பிரெஞ்சு மருத்துவர் துஷேன் விளக்கிவிட்டார். உதடு மட்டும் விரிந்து கண் அசையாமல் இருந்தால், அதோடு அந்தச் சிரிப்பு இரண்டு நொடி கூடுதலாக நீடித்தால், வேறு ஒப்பனையே தேவையில்லை.

அசைவுக்கு வருவோம். மனித நடையை நாம் எவ்வளவு துல்லியமாக அறிவோம் என்பதை 1973இல் ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் யோஹான்சன் காட்டினார். இருட்டில் நடப்பவரின் மூட்டுகளில் சுமார் ஒரு டஜன் ஒளிப்புள்ளிகளை மட்டும் வைத்துப் படமாக்கினார். அசையாமல் இருக்கும்போது அவை சிதறிய புள்ளிகள். அசையத் தொடங்கியதும் கண்சிமிட்டும் நேரத்துக்குள் பார்ப்பவர்கள் ‘மனிதர் நடக்கிறார்’ என்று சொல்லிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு புள்ளிகளிலிருந்தே மனிதனைக் கண்டுபிடிக்கிற பார்வைக்கு, தவறாக அசையும் மனித உடல் எப்படிப்பட்ட அதிர்ச்சியாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்ஷே பினார் சாய்கினும் அவர் குழுவினரும் 2012இல் அச்சான ஓர் ஆய்வில், மனிதர் ஒருவர், அவரைப் போலவே செய்யப்பட்ட இயந்திர உருவம், அதே இயந்திரம் தோல் உரிக்கப்பட்ட நிலை என மூன்றையும் அசையவிட்டுப் பார்ப்பவர்களின் மூளைச் செயல்பாட்டைப் பதிவு செய்தார்கள். மனிதன் மனிதனாக அசைந்தபோதும், இயந்திரம் இயந்திரமாக அசைந்தபோதும் பெரிய வேறுபாடு இல்லை. மனிதத் தோற்றம் இயந்திர அசைவோடு சேர்ந்தபோதுதான் மூளை மிகையாக வினையாற்றியது. இந்தத் தோற்றத்துக்கு இந்த அசைவுதான் வரும் என்று மூளை முன்கூட்டியே எதிர்பார்த்து வைத்திருக்கிறது, எதிர்பார்ப்பு பொய்த்ததும் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது என்று ஆய்வாளர்கள் அதற்கு விளக்கம் கூறினார்கள்.

ஆய்வகங்கள் இதை அளப்பதற்கு முன்பே திரைக்கலைஞர்கள் கையறிவால் கண்டிருந்தார்கள். 1998இல் வந்த ஜப்பானியப் படமான ‘ரிங்கு’வில் நீண்ட கூந்தல் முகத்தை மறைக்க நடந்துவரும் பெண் உருவத்துக்காக, நடிகை ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அந்தப் படச்சுருளைத் தலைகீழ் வரிசையில் ஓட்டினார்கள். திரையில் அவர் முன்னோக்கித்தான் வருகிறார், கால்கள் சரியான இடத்தில்தான் விழுகின்றன. ஆனால், எடை உடலுக்குள் இறங்கும் முறையும் தோள் தூக்கும் நேரமும் எங்கோ பிசகியிருக்கின்றன. பெரும்பாலான பார்வையாளர்களுக்கு எது பிசகு என்று சொல்லத் தெரியாது, பிசகு என்று மட்டும் தெரியும். வரைகலையால் உருவாக்கிய நூறு கோரைப்பற்களைவிட இந்தச் சிறு தந்திரத்தை நான் உயர்வாக மதிக்கிறேன், ஏனென்றால் அது முழுக்க முழுக்க மனித உடலைக் கொண்டே மனிதத்தன்மையைக் கழற்றிவிடுகிறது.

குரலுக்கும் இதே விதி பொருந்துகிறது. மனித முகத்துக்குச் செயற்கைக் குரலும் இயந்திர முகத்துக்கு மனிதக் குரலும் பொருத்திக் காட்டியபோது கலக்கம் கூடியது என்று 2011இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. சிறுமியின் வாயிலிருந்து முதியவரின் குரல் வரும் காட்சி திரும்பத் திரும்பப் பயன்படுவதில் வியப்பில்லை.

முரண் என்பது பொறியியல் பிழையைப் போல ஒலிக்கிறது. பிழையைக் கண்டால் எரிச்சல்தானே வர வேண்டும், ஏன் நடுக்கம் வருகிறது? இங்கேதான் வரவேற்பைப் பற்றி நான் மேலே சொன்னது வருகிறது. முகத்தைக் கண்டதும் அதன் பின்னால் ஒரு மனம் இருப்பதாக நாம் கொள்கிறோம். அதன் எண்ணத்தை ஊகிக்கிறோம். நம் முகத்தசைகள்கூட அதன் பாவனைக்கு இசைந்து சற்றே அசைகின்றன. கர்ட் கிரே, டேனியல் வெக்னர் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குப் போடும் இயந்திரத்தைவிட, வலியும் பயமும் உணரக்கூடியதாகச் சொல்லப்பட்ட இயந்திரமே மக்களுக்கு அதிகக் கலக்கம் தந்தது. அதுபோலவே, உணர்வே இல்லாதவராக விவரிக்கப்பட்ட மனிதரும் கலக்கம் தந்தார். உணர்வு இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதும், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போவதும் ஒன்றாகவே நம்மைத் தாக்குகின்றன. காப்கிரா மாயை என்ற அரிய நோய் இதற்கு வேதனையான ஒரு துணைச்சான்று. 1923இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த அந்நிலையில், நோயாளி தம் தாயையோ துணைவரையோ பார்த்து, ‘அதே முகம்தான், ஆனால் இது அவர் அல்லர், அவர் வேடத்தில் வந்த வேறு யாரோ’ என்கிறார். முகத்தை அடையாளம் காணும் வழி சரியாக இயங்குகிறது, முகத்தோடு எழ வேண்டிய பாச உணர்வின் வழி அறுபட்டிருக்கிறது என்று வி. எஸ். ராமச்சந்திரன் போன்ற நரம்பியலாளர்கள் விளக்குகிறார்கள். உற்றார் உறவினரின் உருவில் வேற்று உயிர்கள் வந்து குடியேறும் படங்கள் நம்மை அந்நோயாளியின் இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைக்கின்றன.

நோய்த்தொற்றை விலக்கும் பழைய உள்ளுணர்வே காரணம், சடலத்தின் நினைவே காரணம் என்ற விளக்கங்களும் உண்டு. வெளிறிய தோல், புண், அழுகல் ஆகியவை எழுப்பும் அருவருப்புக்கு அவை பொருந்துகின்றன. ஆனால், மாசுமருவற்ற தோலோடு சற்றே அதிக நேரம் சிரித்துக்கொண்டிருக்கும் ஓர் உருவத்துக்கு அவை பொருந்தவில்லை என்பதால், அவற்றைத் துணைக்காரணங்களாகவே கொள்கிறேன். பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா என்ற வினாவுக்கும் ஒற்றை விடை இல்லை. 2009இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், உண்மைக்கு மிக நெருக்கமாக வரையப்பட்ட குரங்கு முகங்களை, அசல் முகங்களையும் எளிய வரைமுகங்களையும் விடக் குறைவான நேரமே குரங்குகள் நோக்கின. ஆகவே இது மனிதருக்கு மட்டும் உரியதன்று. மறுபுறம், 2012இல் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் ஆறு மாதக் குழந்தைகளிடம் இல்லாத ஒவ்வாமை பன்னிரண்டு மாதக் குழந்தைகளிடம் தென்பட்டது. முகங்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ச்சி பெற்ற பிறகே அது முளைக்கிறது என்றுதான் இதிலிருந்து கொள்ள முடிகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ‘இயல்பிலிருந்து மாறிய உடல் அச்சம் தரும்’ என்று இதைச் சுருக்கிவிடுவது தவறு மட்டுமன்று, கொடுமையும்கூட. தழும்புள்ள முகத்தையும் வேறுபட்ட உடலமைப்பையும் தீமையின் குறியாகத் திரை நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறது. அதன் சுமையை மெய்யான மனிதர்கள் தெருவில் சுமக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு நடிகர் ஹவியேர் போத்தேட் மார்ஃபன் நோய்க்குறியால் மிக நீண்ட விரல்களும் மெலிந்த உயரமான உடலும் கொண்டவர். திகில் படங்களின் புகழ்பெற்ற உருவங்கள் பலவற்றை அவர் ஏற்று நடித்திருக்கிறார். அதே மனிதர் வெளிச்சத்தில் அமர்ந்து, கண்ணைப் பார்த்துப் பேசி, இமைத்துச் சிரிக்கும்போது அந்த விரல்கள் யாரையும் நடுங்க வைப்பதில்லை. வரவேற்புக்கு மறுமொழி வந்துவிடுகிறது, அவ்வளவுதான். திரையில் நம்மைக் கலங்கடிப்பது அவருடைய உடலமைப்பன்று; கண்ணை மறைத்த இருளும், பிசகிய அசைவும், மறுமொழியைத் தடுத்து வைத்திருக்கும் கலைஞரின் தேர்வும்தான்.

அந்தத் தடுத்து வைத்தலை எவ்வளவு நேரம் நீட்டிக்க முடியும் என்பதில்தான் நல்ல திகில் படமும் சாதாரணப் படமும் பிரிகின்றன. மூலையில் நிற்கும் உருவம் பாய்ந்து கழுத்தைப் பிடித்த கணத்தில் ஐயம் தீர்ந்துவிடுகிறது. அது கொடிய விலங்கு, நாம் இரை. அதன்பிறகு எழுவது தெளிந்த அச்சம், நூறடிப் பல்லி தருகிற அதே வகை அச்சம். உருவத்தை முழு வெளிச்சத்தில் நெடுநேரம் காட்டும் படங்கள் பிற்பாதியில் வலுவிழப்பதற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்: இனம் புரிந்துவிடுகிறது.

படம் முடிந்த இரவில் பலருக்குக் குளியலறைக் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கப் பிடிக்காது; அதற்கும் ஓர் அடிப்படை இருக்கிறது. இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோவான்னி கபூட்டோ 2010இல் வெளியிட்ட சோதனையில், 50 பேர் மங்கிய ஒளியில் கண்ணாடியின் முன் அமர்ந்து பத்து நிமிடம் தம் முகத்தையே உற்று நோக்கினார்கள். முகம் பெரிதும் உருமாறியதாக மூன்றில் இரு பங்கினர் கூறினார்கள். விந்தையான, கொடூரமான உருவங்களைக் கண்டதாக ஏறக்குறைய பாதிப்பேர் கூறினார்கள். ஒப்பனையும் படத்தொகுப்பும் அங்கே இல்லை. அவர்கள் எதிரில் இருந்தது அவரவர் முகம்.